வீட்டுத் தோட்டத்துக்கு உயிர்வேலி

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி வீசிய கஜாப் புயலில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கங்களில் தென்னையும் பலாவும் சாய்ந்து, தோப்புகள் வெட்டவெளியாய்ப் போனதைத் தாங்கள் அறிவீர்கள். மறுபடியும் கன்று வைத்தவர்களுக்குப் புயலினும் அன்றாட விரோதி ஒன்று உண்டு, அது வெள்ளாடு. ஓராண்டு தண்ணீர் சுமந்து வளர்த்த பலாக்கன்றின் குருத்தை அது ஒரு நிமிஷத்தில் தீர்த்துவிடும். ஆகையால் கன்றுக்கு முன்னரே வேலியைப்பற்றி யோசித்தல் அவசியம்.

முள்கம்பிக்குக் கடன் வாங்கலாமே என்று சிலர் கேட்பர். ஐந்து சென்ட் கொல்லைக்குக் கடன்பட்டுக் கம்பி கட்டுவது, என் அபிப்பிராயத்தில், ஆட்டுக்குப் போவதைத் துருவுக்குக் கொடுப்பதேயாகும்.

நமது செம்மண்ணுக்கும் செம்புறாங்கற் பூமிக்கும் முதலாவதாகச் சொல்லத்தக்கது முட்கிளுவை. கட்டைவிரல் பருமனுள்ள முற்றிய போத்துகளை நாலடி நீளம் நறுக்கி, ஓரடி ஆழத்தில், முக்காலடிக்கு ஒன்றாக ஊன்றவேண்டும். இரண்டாம் வரிசையை முதல் வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக ஊன்றி, குறுக்கே மூங்கிற் பிளாச்சு வைத்துப் பனைநாரால் கட்டினால் காற்றில் அசையாமல் வேர் பிடிக்கும். ஆண்டுதோறும் தலையைக் கழித்தால்தான் அடியில் கிளை நெருங்கும். கழிக்காத வேலி மேலே அடர்ந்து கீழே ஆட்டுக்கு வாசல் விட்டுவிடும். கழித்த தழை ஆட்டுக்கே தீவனம்.

முதல் வருஷம் வெளிப்புறம் முள் அடைக்கவேண்டும். சீமைக் கருவேல முள்ளை அதற்கு உபயோகிக்கலாம். காய் உள்ள கிளை மாத்திரம் வேண்டாம். அதையே வேலியாக நடலாம் என்பவர்கள் சப்பாத்திக்கள்ளியின் கதையை நினைக்கவேண்டும். வேலிக்கென்று நட்ட அச்செடி காடாய்ப் பரவி, 1926-இல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொணர்ந்து விட்ட பிறகே தென்னிந்தியாவில் அடங்கிற்று.

மந்தை போகும் பாதையோரத்தில் ஆடாதொடையும் நொச்சியும் வைக்கலாம். ஆடு இவற்றை மோந்துபார்த்து விலகிவிடும். நொச்சித் தழை குதிரில் பூச்சி அண்டாமலிருக்கவும் உதவும். கொடுக்காப்புளி முள்ளும் பழமும் தரும். குழந்தைகள் விளையாடும் பக்கத்தில் காட்டாமணக்கும் திருகுகள்ளியும் கூடா: முன்னதன் கொட்டை விஷம், பின்னதன் பால் கண்ணுக்குக் கேடு.

திசையையும் கவனிக்கவேண்டும். மேற்கே உயரமாகக் கிளைரிசிடியா வைத்தால் பிற்பகல் வெயிலும் ஆடிக்காற்றும் தணிவதோடு தழையுரமும் கிடைக்கும். கிழக்கே மருதாணி போன்ற குட்டைச்செடியே தகும். காலை வெயில் காய்கறிப் பாத்திக்கு வேண்டும். பூவரசை எல்லைக்கோட்டின்மேல் நடாமல் ஆறடி உள்ளே தள்ளி நடுக. அதன் நிழல் பக்கத்துக் கொல்லையில் விழுந்து, சகோதரர்களே கோர்ட்டுக்குப் போவதுண்டு. எல்லையில் எதை ஊன்றுவதானாலும் அடுத்த வீட்டாரிடம் முன்னதாகக் கலந்துகொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே வேலியானால் செலவும் பாதி.

நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆதலால் முதிர்ந்த வேலியுள்ளவர்களிடம் இப்பொழுதே போத்துக்குச் சொல்லிவைத்து, புரட்டாசிக் கடைசியில் வெட்டி, இரண்டு நாள் நிழலில் வைத்துப் பின் ஊன்றுங்கள்.