கையளவா, கிராம் அளவா?



கெமிஸ்ட்ரி படிச்சவன்னு தெரிஞ்சா போதும், கல்யாணப் பந்தியில்கூட ஒரு கேள்வி வரும். "அஜினமோட்டோ விஷமாமே?" கேட்பவர் இலையில் தக்காளி ரசம் ஓடிக்கொண்டிருக்கும். தக்காளியிலும் அதே குளுட்டமேட் உண்டு. 1908-ல் ஜப்பானியப் பேராசிரியர் கிகுனே இக்கேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்ததும் அதைத்தான். பயம் கிளம்பியது 1968-ல். சீன ஹோட்டலில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது என்று ஒரு டாக்டர் அமெரிக்க மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். பின்னர் நடந்த சோதனைகளில் அந்தத் தொந்தரவு சீராக வரவில்லை.

"அப்ப தாராளமா சாப்பிடலாமா?" அங்கேதான் எனக்கு வாய் அடைத்துவிடுகிறது.

1987-ல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு, எண்ணில் வரம்பு தேவையில்லை என்றது. 2017-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்தது. உணவில் சேர்க்கும் குளுட்டமேட், குளுட்டமிக் அமிலக் கணக்கில், உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம்.

என் பேரன் 22 கிலோ. அவனுக்கு 660 மில்லிகிராம். அஜினமோட்டோ எடையில் 840. கால் டீஸ்பூன்கூட இல்லை. வாரத்தில் நாலு நாள் அவனுக்கு நாமக்கல் ரோட்டுத் தள்ளுவண்டியில் முட்டை ஃப்ரைடு ரைஸ் பார்சல். வண்டிக்காரரைக் கேட்டேன்.

"ஒரு பிளேட்டுக்கு எவ்வளவு போடுவீங்க?"

"அளவெல்லாம் ஏதுங்க சார், கையளவுதானுங்க."

அவர் மறைக்கவில்லை. அவருக்கே தெரியாது. லேபில் வயசைக் கழித்த தாத்தாவுக்கும் தெரியவில்லை! 2015-ல் மேகிக்குத் தடை வந்தபோது, ஈயத்தோடு 'எம்.எஸ்.ஜி. சேர்க்கவில்லை' என்ற லேபிளும் வழக்கானது. தள்ளுவண்டிக்கு லேபிள் ஏது?

சேலம், நாமக்கல் ஜில்லா முழுக்கச் சராசரி எடுத்தால் குறைவாகத்தான் வரும். தொடாதவர்களும் அதில் சேர்ந்துவிடுவார்களே. அடிக்கடி தின்கிற, எடை குறைந்த பிள்ளைகளைத் தனியாகப் பார்க்கணும்.

மாணவர்களே, வேலை சுலபம். வண்டிக்காரர் சம்மதத்தோடு, கடை திறக்கும்போது டப்பாவை நிறுங்கள், மூடும்போது மறுபடி நிறுங்கள். குறைந்த எடையை விற்ற பிளேட்டால் வகுத்தால் கையளவு கிராமாகிவிடும். அப்புறம் ஸ்கூல் பிள்ளைகளிடம், வாரம் எத்தனை நாள், எத்தனை கிலோ என்று கேளுங்கள். கடைப் பெயர் எங்கும் வேண்டாம். அவர் பிழைப்பு அது.

தராசு நம்ம லேபில் இருக்கு. பஸ் செலவு என்னுடையது. முதல் வண்டியை நானே காட்டுகிறேன்.