கத்தி எட்டாத விளிம்பில்

 

நாய்களுக்கு வரும் கட்டிகளுக்கான மின்வேதிச் சிகிச்சை பற்றி இந்த மாநாட்டில் பல கட்டுரைகள் படிக்கப்பட இருக்கின்றன. அதற்கு முன் என் மனத்தில் உள்ளதை நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சையைக் கடைசி முயற்சியாகவே நம்மில் பலரும் நினைக்கிறோம். அறுத்து எடுத்து, அது மறுபடி வளர்ந்து, மருந்தும் பலிக்காமல், கட்டி புண்ணாகி நாற்றமெடுத்த பிறகு இதை நாடுகிறோம். அந்த நிலையில் இது தரக்கூடியது கொஞ்சம் ஆறுதல்தான். கட்டி சிறிதாக இருக்கும்போதே, அறுவை மருத்துவரின் பக்கத்தில் இதற்கு இடம் தர வேண்டும் என்பது என் வாதம்.

ஒரு லாப்ரடார் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னங்காலில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு மாஸ்ட் செல் கட்டி. கட்டியைச் சுற்றி 2 முதல் 3 செ.மீ. வரை நலமான தோலையும், அடியில் ஒரு திசுப்படலத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். விலாவில் இருந்தால் எடுத்துவிடலாம். தோல் இழுத்தால் வரும். மணிக்கட்டில் இழுக்கத் தோல் எங்கே இருக்கிறது? இமையில், உதட்டில், மூக்கு நுனியில், ஆசனவாய்க்கு அருகில் வரும் கட்டிகளுக்கும் இதே சங்கடம். காலை எடுக்க வேண்டும், அல்லது கதிர்வீச்சுக்கு அனுப்ப வேண்டும். நாய்க்குக் கதிர்வீச்சு கிடைப்பது நம் நாட்டில் எவ்வளவு அரிது என்று இந்த அவைக்குச் சொல்லத் தேவையில்லை. “டாக்டர், காலை எடுக்காம வேற வழி இல்லையா?” என்று உரிமையாளர் கேட்கும்போது, எடுத்தவரை போதும் என்று தைத்து அனுப்பிவிடுகிறோம். விளிம்பில் தங்கிய செல்கள் தங்கியபடியே இருக்கின்றன.

மின்வேதிச் சிகிச்சை வேலை செய்வது அந்த விளிம்பில்தான். இதில் பயன்படும் புற்றுநோய் மருந்தான ப்ளியோமைசின் மிகக் கடுமையான நஞ்சு. ஆனால் செல்லின் சவ்வை அது எளிதில் கடப்பதில்லை. சவ்வில் மின்துடிப்பால் நுண்துளைகளை உண்டாக்கினால் மருந்து உள்ளே போகிறது. சற்று நேரத்தில் துளைகள் மூடிக்கொள்கின்றன. மருந்து உள்ளேயே தங்கி டி.என்.ஏ. இழைகளை வெட்டுகிறது. ஆய்வகச் செல்களில் இந்த வழியால் ப்ளியோமைசினின் கொல்லும் திறன் நூற்றுக்கணக்கான மடங்கு கூடுகிறது, சில செல் வகைகளில் ஆயிரக்கணக்கான மடங்கு. சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு மருந்துக்கும் கூடுகிறது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. சில நூறு மூலக்கூறுகள் மட்டும் நுழைந்த செல் உடனே சாவதில்லை. அடுத்து இரண்டாகப் பிரிய முயலும்போதுதான் சாகிறது. புற்றுச் செல் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பதால் அது மடிகிறது. பக்கத்தில் பிரியாமல் இருக்கும் தசையும் நரம்பும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. நலமான திசுவையும் நோயுற்ற திசுவையும் கத்தியால் இப்படிப் பிரித்தறிய முடியாது. மின்துடிப்பு இரத்தக் குழாய்களையும் சுருங்க வைக்கிறது. அதனால் மருந்து கட்டியிலேயே கூடுதல் நேரம் நிற்கிறது. கசிந்துகொண்டிருந்த கட்டியில் இரத்தமும் நிற்கிறது.

இந்த அறிவு வந்த வழியையும் சொல்ல வேண்டும், அதில் நம் துறைக்குப் பங்கு உண்டு என்பதால். எபர்ஹார்ட் நாய்மன் குழுவினர் 1982இல் மின்துடிப்பால் எலிச் செல்களுக்குள் மரபணுவைச் செலுத்திக் காட்டினார்கள். பாரிசை ஒட்டிய வில்ஜுயிஃப் நகரில், குஸ்தாவ் ரூசி நிலையத்தில், லூயி மிர் குழுவினர் ப்ளியோமைசினை இதனுடன் இணைத்தார்கள். 1991இல் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் தோல் முடிச்சுகளில் பயன்படுத்தினார்கள். 1997இல் அதே மிர், வழக்கமான சிகிச்சைக்குப் பின் மீண்டும் வளர்ந்த பெரிய சார்கோமாக்கள் கொண்ட பூனைகளுக்குச் செய்த சிகிச்சையின் முடிவுகளை வெளியிட்டார். பிறகு ஸ்லோவேனியாவின் லூப்லியானாவில் கிரெகோர் செர்ஷா, மாயா செமாசார், நடாஷா தோசோன் ஆகியோரும், இத்தாலியில் என்ரிகோ ஸ்புக்னீனியும் நாய், பூனைகளிடம் பல ஆண்டுகள் உழைத்தார்கள். மனிதருக்கான ஐரோப்பிய நடைமுறை விதிகள் 2006இல் வந்தன. நாய், பூனைகளுக்கான நடைமுறையை லூப்லியானாக் குழுவினர் 2016இல் வெளியிட்டார்கள். ஆய்வகம், மனிதர், விலங்கு என்று மூன்று இடங்களிலும் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொண்டு வளர்ந்த சிகிச்சை இது. நாய் வெறும் சோதனைப் பொருளாக நில்லாமல் நோயாளியாகவே பலன் பெற்றது என்பதை நான் பெருமையோடு நினைக்கிறேன்.

மாஸ்ட் செல் கட்டியில் அறுவையையும் மின்வேதிச் சிகிச்சையையும் ஒப்பிட்ட லூப்லியானா ஆய்வு 2009இல் வந்தது. தகுந்த கட்டிகளில் மின்வேதிச் சிகிச்சை அறுவைக்குக் குறைந்ததல்ல என்று அது காட்டியது. நாய்களின் எண்ணிக்கை குறைவு, கட்டிகளும் சிறியவை. அதை வைத்து அறுவையைக் கைவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெட்டி எடுக்கக்கூடியதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டிய பிறகு அந்தப் படுகையிலும் விளிம்பிலும், அதே மயக்கத்தில், துடிப்பு கொடுப்பதைத்தான் பேசுகிறேன்.

நம் தெருநாய்களில் நிறையப் பார்க்கும் பால்வினைப் பரவு கட்டி வேறு கதை. 1876இல் ரஷ்யாவின் நொவின்ஸ்கி ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு நட்டுக் காட்டிய கட்டி அது. பல்லாயிரம் ஆண்டுகளாக நாயிலிருந்து நாய்க்குத் தாவும் ஒரே செல் பரம்பரை. ஸ்புக்னீனி அதையும் மின்வேதியால் குணப்படுத்தியிருக்கிறார். ஆனாலும் வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசிக்கு அது கரைகிறபோது நாம் மின்துடிப்புக் கருவியைத் தூக்கத் தேவையில்லை. ஊசிக்கு மசியாத கட்டிகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி செய்முறை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தோல்விகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. 100 மைக்ரோ வினாடி நீளமுள்ள 8 துடிப்புகள். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மில்லி வினாடிகூட இல்லை. தகட்டு மின்முனையில் செ.மீ.க்கு 1300 வோல்ட். தகடுகளுக்கு இடையே 8 மி.மீ. என்றால் 1040 வோல்ட். முடியைச் சுத்தமாகச் சிரைத்து, ஜெல் தடவி, மின்முனையை இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். உழும்போது சால் விட்டுப்போன இடத்தில் களை மண்டுவதுபோல, துடிப்பு படாத கீற்றிலிருந்து கட்டி திரும்ப வரும். ஒவ்வொரு வைப்பும் முந்தையதன் மேல் சற்று ஏற வேண்டும். சுற்றியுள்ள நல்ல தோலிலும் கொஞ்சம் போக வேண்டும். சிரை வழியே மருந்து செலுத்தினால் 8 நிமிடம் காத்திருந்து, 28 நிமிடத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். ஆகவே எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதை ஊசி போடும் முன்பே தோலில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். 3 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டியில் பலன் குறைகிறது. சீக்கிரம் செய்யுங்கள் என்று நான் மன்றாடுவதற்கு இதுவே காரணம்.

சிரையில் செலுத்தும் ப்ளியோமைசினின் அளவு உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 15,000 பன்னாட்டு அலகுகள். 20 கிலோ நாயின் உடற்பரப்பு ஏறத்தாழ 0.74 சதுர மீட்டர். 11,000 அலகு போதும். நம் கடைகளில் 15 யூனிட் என்று அச்சிட்டு வரும் குப்பியில் இருப்பது 15,000 பன்னாட்டு அலகு. இரண்டு அலகு முறைகளையும் குழப்பிக்கொண்டால் நாய் பிழைக்காது. கணக்கை இருவர் தனித்தனியாகப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். இந்த எடையுள்ள நாய்க்கு ஒரு குப்பிகூடத் தேவைப்படாத சிகிச்சையில் மருந்துச் செலவு பெரிதல்ல; கருவியின் விலைதான் நம்மைத் தடுக்கிறது. பல மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று இந்த மாநாடு யோசிக்க வேண்டும்.

ப்ளியோமைசின் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. நுரையீரலைத் தழும்பாக்கும் குணமும் அதற்கு உண்டு. இரண்டையும் சோதிக்காமல் தொடாதீர்கள். சிஸ்பிளாட்டினைப் பூனையின் சிரையில் ஒருபோதும் ஏற்றக் கூடாது. மாஸ்ட் செல் கட்டியைத் துடிப்பு கலைத்துவிடும்போது ஹிஸ்டமின் பொங்கும். அதற்கு எதிரான மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கையுறை இல்லாமல் மருந்தைக் கலக்கும் உதவியாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. அவர்களின் உடல்நலத்துக்கு நாமே பொறுப்பு. சிகிச்சைக்குப் பின் கட்டி கறுத்து, பொருக்குத் தட்டி, புண்ணாகி, வாரக்கணக்கில் ஆறும். இதை முன்னாலேயே சொல்லாவிட்டால் உரிமையாளர் பயந்து வேறு இடத்துக்கு ஓடிவிடுவார். நாய் நக்காமலிருக்கக் கழுத்துப்பட்டை கட்டாயம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பயாப்சி இல்லாமல் கட்டிக்குத் துடிப்பு கொடுக்கும் பழக்கம் நம்மிடையே வந்துவிடக் கூடாது. கட்டி கரைந்த பிறகு அது என்ன கட்டி என்று யாராலும் சொல்ல முடியாது. நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருந்ததா என்பதும் தெரியாமல் போகும். கட்டியின் வகை, தரம், மி.மீ. கணக்கில் அளவு, மருந்தின் அளவு, எத்தனை முறை மின்முனை வைக்கப்பட்டது, ஒவ்வொரு துடிப்பிலும் கருவி காட்டிய மின்னோட்டம், ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் நாயின் நிலை ஆகிய விவரங்களைக் கொண்ட பொதுப் பதிவுத்தாள் ஒன்றின் வரைவு உங்கள் கோப்பில் இருக்கிறது. நிறைவு அமர்வுக்குள் திருத்தங்களை எழுதிக் கொடுங்கள். சிகிச்சை தோற்ற நாய்களின் தாள்களும் அதில் வர வேண்டும். முதல் அமர்வு மாஸ்ட் செல் கட்டிகளைப் பற்றியது. கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.