பள்ளிக்கூடத்துக் குழாயும் காரீயமும்

பாலக்காட்டுச் சமையலறைகளில் ரசத்துக்கென்று ஓர் ஈயச் செம்பு இருப்பதை நாம் அறிவோம். அந்த ஈயம் வெள்ளீயம், அதனால் தீங்கில்லை. (காரீயம் கலந்த மலிவுச் செம்புகள் கடைக்கு வருவது வேறு கதை.) இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது காரீயத்தைப் பற்றி. இரண்டையும் ஈயம் என்ற ஒரே பெயரால் அழைத்துப் பழகியதால்தான் போலும், காரீயத்தின்மீது நமக்கு இருக்க வேண்டிய அச்சம் இல்லாமற் போயிற்று.

காரீயம் கரைந்த நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவை வேறுபாடும் இல்லை. சீரகம் இட்டுக் கொதிக்க வைத்த நீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் நம் வழக்கம் வயிற்றுப்போக்குக்கு நல்ல காவல். காரீயத்துக்கு அது காவலாகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

பெரியவர்களைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறுவர் உடல் காரீயத்தை ஈர்த்துக்கொள்கின்றது. அது மூளையின் வளர்ச்சியைத் தாக்கி, கவனத்தையும் கற்கும் ஆற்றலையும் குறைக்கின்றது. பிள்ளை வகுப்பில் மந்தமாயிருந்தால் நாம் பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம், குழாயை ஐயுறுவதில்லை. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் இருத்தலாகாது என்பது இந்தியத் தர அளவு. தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

நாவை நம்பியிருப்பது எவ்வளவு தூரம் பயன்படும் என்பதற்குச் சித்தூர் வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையே சான்று. தமிழக எல்லையை ஒட்டிய அவ்வூரில் 2000-ஆம் ஆண்டில் கோக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. சிறிது காலத்தில் சுற்றுப்புறக் கிணறுகளின் நீர் மாறியது. அந்த நீரில் சோறு பதமாக வேகவில்லை. குளித்தால் உடல் அரித்தது. எரவாளர் குலத்தைச் சேர்ந்த மயிலம்மா முதலானோர் 2002 ஏப்ரலில் ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கினார்கள். அந்த மக்களின் நாவும் தோலும் உண்மையையே சொல்லின. ஆயினும் அவை சொன்னது உப்பையும் கடினத்தையும் பற்றி மட்டுமே. ஆலை உரமென்று கொடுத்த கழிவுச் சேற்றை உழவர்கள் வயலில் இட்டுவந்தார்கள். 2003-இல் பி.பி.சி. வானொலியார் அச்சேற்றை இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கச் செய்தபோதுதான் அதில் காட்மியமும் காரீயமும் இருப்பது வெளிப்பட்டது. அதனால் தீங்கில்லை என்றது கம்பெனி. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

பள்ளி நீரில் காரீயம் கலப்பதற்கு அருகில் ஆலை இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அது கட்டிடத்துக்குள்ளிருந்தே வருகின்றது: பித்தளைக் குழாய்த் திருகு, பற்றவைத்த இணைப்பு, காரீய உப்புச் சேர்த்துச் செய்த பழைய பி.வி.சி. குழாய். இக்கடைசி வகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் நம் நாட்டில் 2021-இல்தான் வந்தன. நீரின் இயல்பும் இதில் பங்குகொள்கின்றது. சித்தூர்ப் பகுதியின் கடின நீர் குழாயின் உட்புறத்தில் சுண்ணப் படலம் ஒன்றை உண்டாக்கி ஓரளவு தடுக்கும். இடுக்கி மலையில் ஊற்றிலிருந்து இறக்கிக் கொண்டுவரும் மென்னீருக்கு அப்படலம் இல்லை; அது சற்றுப் புளிப்புத் தன்மையும் உடையதாயின் உலோகத்தை எளிதில் கரைக்கும். தெளிந்த மலைநீர் என்று நாம் பெருமை பாராட்டும் நீருக்கே சோதனை அதிகம் தேவை.

பள்ளிகளுக்கு வழங்கப்படும் களச் சோதனைப் பெட்டி கடினம், இரும்பு, புளோரைடு, நைட்ரேட் முதலியவற்றைக் காட்டும், காரீயத்தைக் காட்டாது. அதற்கு அணு உட்கவர் நிறமாலைமானி போன்ற கருவியுள்ள சோதனைச்சாலை வேண்டும். நீரை எடுக்கும் முறையும் முக்கியம். கிணற்றிலோ மேல்நிலைத் தொட்டியிலோ எடுத்தனுப்பினால் குழாயின் குற்றம் தெரியாது. இரவு முழுவதும் திறவாதிருந்த குழாயில், பிள்ளைகள் வருமுன், முதலில் விழும் கால் லிட்டரைச் சுத்தமான புட்டியில் பிடிக்க வேண்டும். பிறகு அரை நிமிடம் ஓடவிட்டு இரண்டாவது புட்டியை நிரப்ப வேண்டும். முதற்புட்டியில் மட்டும் காரீயம் மிகுந்திருந்தால் குற்றம் குழாய்த்திருகின்மீது. அதை மாற்றினால் தீர்ந்தது. இரண்டிலும் மிகுந்திருந்தால் உள்ளிருக்கும் குழாய்வழியையும் நீர் வரும் இடத்தையும் ஆராய வேண்டும்.

தலைமையாசிரியரோ பெற்றோர் சங்கத்தினரோ நீரை அனுப்பும்போது, உடன் வைக்கும் தாளில் காரீயம் என்று பெயர் குறித்தே கேட்க வேண்டும். கேளாவிடில் வழக்கமான பட்டியலில் அது விடுபட்டுப்போகலாம். விடை வரும்வரை, காலையில் ஒவ்வொரு குழாயையும் சிறிது நேரம் ஓடவிட்டு, அந்த நீரைப் பள்ளித் தோட்டத்து மரங்களுக்கு ஊற்றிவிட்டு, பின்பு வருவதையே குடிக்கவும் மதிய உணவு சமைக்கவும் பிடித்துக்கொள்ளலாம்.