மருத்துவ மாணவர்களும் வயிற்றுக் கலக்கமும்

எனக்குத் தரப்பட்ட தலைப்பு ஐ.பி.எஸ். இந்த மூன்றெழுத்தைக் கேட்டதும் சினிமாவில் வரும் காக்கிச் சட்டை அதிகாரிதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவார். நான் பேசப் போவது அவரைப் பற்றியல்ல. அவருக்கும் வரக்கூடிய ஒரு வயிற்றுக் கோளாறைப் பற்றி.

தமிழில் இதனை 'எரிச்சலுறு குடல் நோய்' என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. குடலில் புண் இருக்கிறது என்று மக்கள் எண்ணி விடுகிறார்கள். குழாய் விட்டுப் பார்த்தால் குடல் நல்லபடியாகவே தெரியும். அது இயங்கும் விதம்தான் தாறுமாறாக இருக்கும். வயிற்று வலி மூன்று மாதங்களாக வாரத்தில் ஒரு நாளாவது வரவேண்டும். மலம் கழிப்பதோடு அந்த வலிக்குத் தொடர்பு இருப்பது, போகும் தடவை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். 2016-இல் வெளிவந்த 'ரோம்' விதிமுறை சொல்வது இதுதான்.

மருத்துவ மாணவர்களை ஏன் தனியாகக் குறிப்பிட வேண்டும்? மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஆய்வில், சுமார் 16 விழுக்காட்டினருக்கு இத்தொல்லை இருந்தது. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். நாளை நம் வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் போகிறவர்களின் வயிற்று நிலை இது!

நம் பினாங்கை எடுத்துக் கொள்ளுங்கள். ஜோர்ஜ்டவுன் சிப்பாய் லைன்ஸ் சாலையில் இருக்கிறது, 1996-இல் பினாங்கு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2018 முதல் ஆர்.சி.எஸ்.ஐ. – யு.சி.டி. மலேசிய வளாகம் என்று வழங்கப்படும் கல்லூரி. அங்குள்ள பல மாணவர்கள் முதலில் அயர்லாந்தின் டப்ளினில் படித்துவிட்டு, பிறகு இங்கு வந்து மருத்துவமனைப் பயிற்சி பெறுகிறார்கள். ஊர், உணவு, தூக்கம் எல்லாம் ஒரே சமயத்தில் மாறுகின்றன. நோயாளியின் கட்டிலருகே நிற்க வைத்து, எல்லாரும் பார்க்கக் கேள்வி கேட்கப்படுகிறது. எந்த ஊர் மருத்துவக் கல்லூரியாக இருந்தாலும் இந்த நெருக்கடி உண்டு.

'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்று நம் பாட்டிமார் சொன்னது வெறும் பேச்சில்லை. குடல் சுவரில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையும் குடலும் ஓயாமல் செய்தி அனுப்பிக் கொள்கின்றன. அச்சம் வந்தால் குடலின் ஓட்டம் மாறும். சாதாரண வாயுகூட இவர்களுக்கு வலியாகத் தெரியும். மனம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. கெட்டுப்போன உணவால் வயிற்றுப்போக்கு கண்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பின்னர் இந்தத் தொல்லை தங்கி விடுகிறது.

என்னிடம் வந்த ஒரு மாணவி, காலையில் வார்டுக்குப் போகும் முன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. எந்த மாடியில் கழிவறை எங்கே என்பது அவருக்கு மனப்பாடம். படிப்பையே விட்டுவிடலாம் என்று எண்ணும் அளவுக்கு வந்துவிட்டார். வீட்டில் சொன்னபோது, "எல்லாம் பயம்தான், ஓமத் தண்ணீர் குடி" என்றார்களாம். பிள்ளையை டாக்டராக்க வீட்டை அடகு வைக்கும் பெற்றோர் நம்மில் உண்டு. அந்தப் பிள்ளை வாய்திறந்து சொல்லும்போது காது கொடுங்கள். அது சாக்குப்போக்கு அல்ல.

உணவுக்கு வருவோம். பின்னிரவில் நாசி கண்டார், ரொட்டி சானாய், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரே. பினாங்கில் படிப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை! ஆனால் வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, பால் ஆகியவற்றிலுள்ள சிலவகைச் சர்க்கரைகள் சரியாகச் செரிக்காமல் பெருங்குடலில் நொதித்து வாயுவாகின்றன. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த உணவு முறையில் இவற்றைச் சில வாரங்கள் மட்டும் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கிறார்கள். உணவு ஆலோசகர் துணையோடு செய்வது நல்லது. ஆயுள் முழுவதும் வெங்காயமில்லாத சாம்பார் யாருக்கும் தேவையில்லை. (என் வீட்டில் அது நடக்கவும் நடக்காது.)

இசப்கோல் உமி, குடல் பிடிப்பைத் தளர்த்தும் மாத்திரை, புதினா எண்ணெய் மாத்திரை ஆகியவை பலருக்குப் பலன் தருகின்றன. குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் உதவுவதை 2023-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அதை மனநோய் மருந்து என்று தூக்கி எறியாதீர்கள். இங்கு அது குடல் நரம்புகளை அமைதிப்படுத்தக் கொடுக்கப்படுகிறது. மனப்பயிற்சிச் சிகிச்சையும் உண்டு.

மருத்துவ மாணவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. புத்தகத்தைப் பார்த்துத் தாங்களே நோயைத் தீர்மானித்து, தாங்களே மருந்தும் வாங்கி விடுகிறார்கள். மலத்தில் இரத்தம், எடை குறைவு, காய்ச்சல், இரத்தச்சோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, குடும்பத்தில் குடல் புற்றுநோய், இவற்றில் ஒன்று இருந்தாலும் அதை ஐ.பி.எஸ். என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஐம்பது வயதுக்குப் பின் முதன்முறையாக வரும் தொல்லையும் அப்படித்தான். இது வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கும் சொல்வது.

டாக்டரிடம் போகுமுன் இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எப்போது வலித்தது, அன்று தேர்வு இருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். மாணவராக இருந்தால், தேர்வு மண்டபத்தில் கதவோரம் இடம் தரும்படி மருத்துவரிடம் ஒரு கடிதமும் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.