பேனா யார் கையில் இருக்கிறது?



திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை நாம் அறிவோம். சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில், ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார் மாணவரைக் கொண்டே மாணவருக்குப் பாடம் சொல்லவைத்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். ஆகவே மாணவர் மாணவருக்குக் கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. கற்பிக்கும் அந்த மாணவரைப் பழக்குவதில்தான் கோட்டை விடுகிறோம்.

பல்கலைக்கழகத்தில் நான் இந்தப் பொறுப்பை ஏற்ற முதல் ஆண்டு, நல்ல மதிப்பெண் பெற்ற இரண்டாமாண்டு மாணவர்களை முதலாமாண்டுக் கணிதத்துக்கு உதவ அனுப்பினேன். பயிற்சி எதுவும் தரவில்லை. தெரிந்தவர்களுக்கு எதற்குப் பயிற்சி என்ற நினைப்பு. அதில் ஒரு பையன், கணக்கைப் பார்த்ததும் பேனாவை வாங்கி மளமளவென்று போட்டுக் காட்டுவான். அவனிடம்தான் கூட்டம். நானும் எல்லார் முன்னிலையிலும் பாராட்டினேன். அவனிடம் தவறாமல் வந்த ஒரு மாணவி பருவத் தேர்வில் தோற்றாள். "அண்ணா போடும்போது எல்லாம் புரிஞ்சுது சார். கேள்வித்தாளைப் பார்த்தா கை ஓடலை" என்றாள். தவறு அவனுடையதல்ல, என்னுடையது. வகுப்பில் முதல் மதிப்பெண் பிள்ளையை அப்படியே குழுத் தலைவராக்கும்போதும் இதுதானே நடக்கிறது?

பிறகுதான் அமெரிக்காவின் மிசௌரி-கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973இல் டியானா மார்ட்டின் தொடங்கிய முறையைப் படித்தேன். அங்கே 'மெல்லக் கற்பவர்' என்று யாரையும் பிரிப்பதில்லை. பலர் தோற்கும் பாடத்தைத்தான் குறிவைக்கிறார்கள், யாரும் வரலாம். வழிநடத்தும் மாணவர் அந்த வகுப்பில் மறுபடி உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார். பாடத்தைத் திரும்ப நடத்துவது அவர் வேலையல்ல. வரும் கேள்வியைக் குழுவிடமே திருப்பிவிடுவார்.

அடுத்த ஆண்டுப் பயிற்சியில் இரண்டை வற்புறுத்தினேன். பேனா, சந்தேகம் கேட்பவர் கையிலேயே இருக்க வேண்டும். ஒரு கேள்வி கேட்டால் மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம், நமக்கே வராது, ஒப்புக்கொள்வோம்! ஜோடியாக நடித்துப் பழகினார்கள். தெரியாதவராக நடிக்கத்தான் திணறினார்கள். வாரம் ஒருமுறை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யார் எவ்வளவு நேரம் பேசினார் என்று மட்டும் குறித்து, அந்தத் தாளை அவர்களிடமே கொடுத்துவிடுவேன். அறிவுரை கிடையாது.

அந்தப் பையனையும் விடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவனுக்கு ஒரு பருவம் பிடித்தது. கூட்டம் குறைந்ததில் வருத்தம்தான். அரியர் எழுத வேண்டிய அந்த மாணவி மட்டும் தொடர்ந்து வந்தாள். ஒருநாள் அவன் பேனாவுக்குக் கை நீட்டியதைப் பார்த்தேன். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இருங்கண்ணா, நானே போடறேன்" என்றாள்.