மணி அடிக்கட்டும், மனைவி பேசட்டும்!

(பட்டிமன்றத் தலைப்பு: இதய நோயாளியை வேளைக்கு மருந்து சாப்பிட வைப்பது குடும்பமா? கைப்பேசியா?)



நான் கைப்பேசிக் கட்சி. இதைப் பேசிட்டு ராத்திரி நான் வீட்டுக்குப் போயாகணும். என் வீட்டுக்காரம்மா மூணாவது வரிசையிலே உட்கார்ந்திருக்காங்க. (சிரிப்பு)

எதிரணிச் சகோதரி கேட்டார்: 'கட்டின மனைவியை விடவா ஒரு கருவி அக்கறையாச் சொல்லிடும்?' அம்மா, அக்கறையிலே குறையே இல்லை. அந்த அக்கறை எங்கே போய் முடியுதுன்னு என் கதையையே சொல்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால என் இதயத்திலே ஸ்டென்ட் வைத்தார்கள். அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற சின்னக் கம்பி வலை. டாக்டர் சொன்னார்: 'ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ரெண்டையும் என்னைக் கேட்காம நிறுத்தாதீங்க. நிறுத்தினா அந்த வலைக்குள்ளேயே ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கலாம்.'

வீட்டுக்கு வந்தேன். காலையிலே 'மாத்திரை போட்டாச்சா?' ராத்திரி 'மாத்திரை போட்டாச்சா?' முப்பது வருஷமா எங்களுக்குள்ளே ஆயிரம் பேச்சு இருந்தது. ஆறே மாசத்துலே அத்தனையும் போய் இந்த ஒரு கேள்விதான் மிஞ்சியது. எனக்கோ ரோஷம்: 'நான் என்ன சின்னப் பிள்ளையா?'

அந்தச் சமயம் பட்டிமன்றத்துக்காக மூணு நாள் வெளியூர் போனேன். மாத்திரை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ராத்திரி போனில் கேட்டாங்க. மறந்ததை ஒத்துக்கக் கூச்சம். 'போட்டாச்சு'ன்னேன். மூணு நாளும் அதே பொய்.

ஊர் திரும்பினதும், பெட்டியைப் பிரித்தவங்க மாத்திரை அட்டையை எண்ணினாங்க. ஒரு வார்த்தை திட்டலை. அந்த அட்டையைக் கையிலே வச்சுக்கிட்டு அடுப்படியிலே உட்கார்ந்து அழுதாங்க. நான் மேடையிலே பேசின பேச்செல்லாம் அந்த அழுகைக்கு முன்னால ஒண்ணுமே இல்லை, ஐயா.

மறுநாள் என் மகள் கைப்பேசியிலே ஒரு செயலி போட்டுக் கொடுத்தாள். வேளைக்கு மணி அடிக்கும். சாப்பிட்டதும் ஒரு பொத்தானை அழுத்தணும். 'போட்டேனா, இல்லையா?'ன்னு சந்தேகம் வந்து ரெண்டாந்தரம் விழுங்க வேண்டாம். கணக்கு அதிலே இருக்கு. நான் அழுத்தலைன்னா மகளுக்குச் செய்தி போயிடும்.

'கைப்பேசிக்கும் பொய் சொல்லலாமே?'ன்னு கேட்பீர்கள். சொல்லலாம். ஆனா கைப்பேசிகிட்ட ஜெயிக்கணும்னு எந்தப் புருஷனுக்கும் ரோஷம் வராது! (கைதட்டல்)

திருக்குறளிலே 950-ஆம் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நாலு கூறாகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, நாலாவதாக உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்பவர். இன்னிக்கு மகன் துபாயிலே, மகள் பெங்களூரிலே, அப்பா ஊரிலே தனியாக. அந்த நாலாவது ஆள் எங்கே ஐயா? சட்டைப் பையிலே இருக்கு! (பலத்த கைதட்டல்)

வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் சுமார் பாதிப்பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்று 2003-இல் உலக சுகாதார நிறுவனம் எழுதியது. எதிரணியினர் 2018-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வைக் காட்டினார்கள். ரத்தக் கொதிப்புள்ள 411 பேர், 12 வாரம். செயலி வைத்திருந்தவர்கள் மருந்து எடுப்பதில் கொஞ்சம் முன்னேறினார்கள். ரத்த அழுத்தத்தில் வித்தியாசம் இல்லை. ஒத்துக்கிறேன். மணி மறதிக்குத்தான் மருந்து. 'எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே'ங்கிற நினைப்புக்கு அதிலே மருந்து கிடையாது. அதை டாக்டர்கிட்ட உட்கார்ந்துதான் பேசணும்.

ஆனா 2019-இல் வெளிவந்த சிட்னி ஆய்வையும் பாருங்க. இதய ரத்தக்குழாய் நோயுள்ள 163 பேர். மூணு மாசத்துலே, செயலி வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிட ஒழுங்காக மருந்து எடுத்தார்கள். இன்னொரு சேதி: வசதிகள் நிறைந்த செயலிக்கும் சாதாரணச் செயலிக்கும் வித்தியாசம் தெரியலை. ஆடம்பரம் வேண்டாம் தாய்மார்களே, நேரத்துக்கு மணி அடிச்சாப் போதும்!

நடுவர் அவர்களே, நான் குடும்பத்தை ஒதுக்கச் சொல்லலை. மணி அடிக்கிற வேலையிலிருந்து அதை விடுதலை பண்ணச் சொல்றேன். இப்போ எங்க வீட்டிலே எட்டு மணிக்குக் கைப்பேசி கூப்பிடும். எழுந்து போய் மாத்திரையைப் போட்டுட்டு வருவேன். என் வீட்டுக்காரம்மா அந்தக் கேள்வியைக் கேட்கிறதே இல்லை. 'இன்னிக்குக் கூட்டம் எப்படி இருந்தது?'ன்னு கேட்கிறாங்க. போன பேச்செல்லாம் திரும்பி வந்துடுச்சு.

ஆகவே கைப்பேசியே என்று தீர்ப்புத் தாருங்கள்.