கதவைத் தட்டும் நட்பு

(நமது சங்கத்தின் கிறிஸ்துமஸ் – புத்தாண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



கிறிஸ்துமஸ் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார் நம் செயலாளர். எல்லாச் சமயத்தாரும் கூடியிருக்கும் இடம் இது. ஆகவே நம் அனைவருக்கும் பொதுவான நட்பைப் பற்றி, என் விசுவாசம் எனக்குக் கற்றுத்தந்த வழியில் பேசுகிறேன்.

1910-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற ஊரில் பிறந்த வி.எஸ். அசரியா அங்கே பேசினார். அப்போது அவருக்கு வயது 35. நம் தாம்பரத்துக் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கம் இருந்த காலத்தில் அதில் படித்தவர். எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். அவர்கள் முகத்துக்கு நேராகவே பேசினார். அதன் சாரம் இதுதான்: ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும். அதைக் கேட்ட சிலருக்கு வருத்தம்தான்.

அசரியாவுக்கு ஷெர்வுட் எடி என்ற அமெரிக்க நண்பர் இருந்தார். சமமாகப் பழகும் நட்பு எப்படிப்பட்டது என்று அனுபவித்தவர் என்பதால்தான் அவரால் அப்படிக் கேட்க முடிந்தது. 1912-ல் அவர் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே வளாகத்தில் நடந்த உலக மாநாட்டுக்கு 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 470 பேர் வந்தார்கள். அசரியாவும் அங்கே இருந்தார். நாம் ரயிலில் போகும்போது பார்க்கும் அந்த மரங்களுக்கு நடுவில்தான் அது நடந்தது.

இதை இன்று ஏன் சொல்கிறேன்? உதவி வேறு, நட்பு வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். நம் வாட்ஸ்அப் குழு நல்ல உதவி. தண்ணீர் லாரி வந்ததா, லிப்ட் நின்றுவிட்டதா என்று உடனே தெரிந்துவிடுகிறது. ஆனால் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் ஒரு பெரியவர் இறந்தபோது குழுவில் அறுபது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். நேரில் வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். அந்த அம்மா செல்போனை என்னிடம் நீட்டி, "சார், இவங்கள்லாம் எந்த வீடு?" என்று கேட்டார்கள்.

வங்கியில் கவுண்ட்டரில் இருந்தவன் என்பதால் ஒரு கணக்கு சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு மேல் வாடிக்கையாளர் எதுவும் போடாமலும் எடுக்காமலும் இருந்தால் சேமிப்புக் கணக்கு இயங்காக் கணக்கு ஆகிவிடும். நடுவில் வங்கியே வட்டி வரவு வைத்தாலும் அது வாடிக்கையாளரின் பரிவர்த்தனை ஆகாது. தினமும் நாம் அனுப்பும் 'குட் மார்னிங்' பூ அந்த வட்டி மாதிரிதான். அது தானாக ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் நட்புக்கு உயிர் வர ஆள் நேரில் வர வேண்டும்.

வேதாகமத்தில் யோவானின் மூன்றாம் நிருபம் மிகச் சிறியது. எழுத நிறைய இருக்கிறது, ஆனால் மையாலும் இறகாலும் எழுத மனமில்லை, சீக்கிரம் வந்து முகமுகமாய்ப் பேசலாம் என்று அதை முடிக்கிறார். நீதிமொழிகள் 27-ஆம் அதிகாரமோ, தூரத்தில் இருக்கும் சகோதரனைவிட அருகில் இருக்கும் அயலானே மேல் என்கிறது. பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் நமக்கு இது புரியாமல் போகுமா? கிறிஸ்துமஸின் பொருளும் அதுதான். காலங்காலமாகத் தீர்க்கதரிசிகள் மூலம் செய்தி அனுப்பிய கடவுள், கடைசியில் தாமே வந்து நம் நடுவில் குடியிருந்தார்.

2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. அன்று மாடி வீட்டுக் கதவைத் தட்டியவர்களுக்கு, உள்ளே இருப்பவரின் பெயராவது தெரிந்திருந்தால் எவ்வளவு தைரியமாக இருந்திருக்கும்!

சிறுசேரியிலிருந்து இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். தொந்தரவாக இருக்குமோ என்ற தயக்கமும் நியாயமானதே. அதற்குத்தான் போன் இருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் வரலாமா?" என்று கேட்க அதைப் பயன்படுத்துங்கள்.

இந்த மூன்று மாதத்தில் நீங்கள் இதுவரை நுழையாத ஒரே ஒரு வீட்டுக்குப் போய் வாருங்கள். தனியாக இருக்கும் பெரியவர் வீடாக இருந்தால் இன்னும் நல்லது. பலகாரம் வேண்டாம், கேக் வேண்டாம். உட்கார்ந்து ஒரு காபி குடியுங்கள். எங்கள் வீட்டுக் கதவும் திறந்தே இருக்கும்.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள்.